ஆடி முடியட்டும்

ஜூலை 20
வெங்காயம் ஏற்ற ஒரு பழைய சரக்கு வண்டி வேண்டும். ஆடியில் பார்க்கலாம், வாங்கக் கூடாதாம். அம்மா சொல்லிவிட்டாள். சரி, பார்ப்போம். அடகுக் கடை வட்டிக்கு ஆடி ஏது, ஆவணி ஏது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

ஜூலை 22
சங்ககிரி. அசோக் லேலண்ட் தோஸ்த், பொலிரோ பிக்கப், ஓரமாக ஒரு டாடா 207. தோஸ்த்தின் கேபின் அவ்வளவு சுத்தம். மெக்கானிக் அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1478 சிசி, மூன்று சிலிண்டர், கம்ப்யூட்டர் சொல்படி டீசல் தெளிக்கும் காமன் ரயில். "நாம ஏத்துற வெங்காயத்துக்கு இது முனகும் தம்பி. இன்ஜெக்டர் போனா லேப்டாப் வச்சிருக்கவன் வாசல்ல போய் நிக்கணும்." பொலிரோவிலும் காமன் ரயில்தான். ஆனால் அதைப் பார்க்க ஒட்டன்சத்திரத்திலேயே ஆள் உண்டு.

207-ஐப் பார்த்ததும் அண்ணனின் நடை மாறியது. டாடா 407-இல் வரும் அதே 497 குடும்பத்து இன்ஜின், 2956 சிசி, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப். கிட்டப் போய்க் கை வைத்தால் இன்ஜின் சுடுகிறது. எங்களுக்காக முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டைக் காட்டாத வண்டியிடம் என்ன பேச்சு என்று அண்ணன் டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 23
அக்கா போன் செய்தாள். அடகு வைத்த வளையலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பையனுக்குச் சளியாம்.

ஜூலை 27
தூக்கம் வரவில்லை. நாகப்பட்டினத்தில் பார்த்த வண்டியே கண்ணில் நிற்கிறது. இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் புகை தள்ளவில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை, விலையும் நம் கைக்குள். அண்ணன் சின்னச் சுத்தியலோடு அடியில் படுத்தார். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அந்தச் சேஸிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். தட்டிக்கொண்டே போனவர் பின்பக்க ஸ்பிரிங் பட்டை பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். ணங் என்று வர வேண்டிய இடத்தில் டப் என்றது. மீன் வண்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் ஒழுகி உள்ளிருந்தே தின்றிருக்கிறது.

இன்ஜினுக்குக் காசு போட்டால் தீர்ந்தது. சிலிண்டரைப் போர் போடலாம், பிஸ்டன் செட் மாற்றலாம், கிராங்க் ஷாஃப்ட்டைக் கடையலாம். 0.25, 0.50 மி.மீ. என்று ஏற்கெனவே கடைசி அளவு வரை கடைந்திருந்தால் கிராங்கையே மாற்றலாம். அரித்த சேஸிஸை என்ன செய்வது? ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் விடும். ஊரில் எல்லாரும் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். கேபிளைக் கழற்றினால் நின்றுவிடுகிற மீட்டர் அது. என்ன லோடு ஓடியது என்றல்லவா கேட்க வேண்டும்! எம்-சாண்ட், செங்கல் அடித்த வண்டியைப் பின்னால் நின்று பார்த்தாலே தெரிகிறது, பட்டை தட்டையாகித் தொட்டி ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

விட்டுவிட்டோம். நல்லதுதான். ஆனால் அந்த விலை.

ஆகஸ்ட் 3
ஆடிப் பெருக்கு. இன்றைக்கு அட்வான்ஸ் கொடுத்தால் பெருகும் என்று புரோக்கர் காலையிலிருந்து போன் மேல் போன். அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 5
வட்டி.

ஆகஸ்ட் 9
நாமக்கல். 2012 மாடல் 207, முட்டை ஓடியது. ஓட்டியவன் பள்ளம் பார்த்துத்தான் ஓட்டியிருப்பான், வேறு வழி? விடியும் முன்பே போய் இன்ஜினில் கை வைத்தோம். சில்லென்று இருந்தது. கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் கிளம்பியது, பின்னால் நீலப் புகை. ஆயில் தின்கிறது. அண்ணனுக்கு ஒரே சந்தோஷம், விற்பவருக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியும் பிரிக்கப்போகிற இன்ஜின். புகையைக் காட்டி விலையைக் குறைக்கலாம் அல்லவா!

சுத்தியல் தட்டிய இடமெல்லாம் ணங். பழைய பெயின்ட், பழைய ரிவெட். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தும் சரி. நெஞ்சு படபடத்தது, வெட்கமாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் 10
அண்ணன் போட்ட பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பம்ப் தனியாகப் பம்ப் கடைக்கு, ஹெட் லேத்துக்கு, பேரிங், கேஸ்கெட், கிளட்ச் பிளேட். கடைசியில் "இதர" என்று எழுதி எதிரே ஒன்றும் போடவில்லை. அந்த இதரதான் பயம்.

ஆகஸ்ட் 12
ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது ஃபைனான்ஸ் கடன் பதிவு, இருக்கிறது. கடன் எப்போதோ அடைந்துவிட்டதாம், ரத்துதான் செய்யவில்லையாம். ஃபைனான்ஸிலிருந்து ஆட்சேபணை இல்லை என்கிற என்.ஓ.சி.யும், கடன் பதிவை ரத்து செய்யக் கையெழுத்துப் போட்ட படிவம் 35-ம் வந்தால்தான் வண்டி என் பேருக்கு மாறும். நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். 8 வருடம் தாண்டிய வண்டி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வருடா வருடம், அதுவும் அடுத்த மாதம் முடிகிறது. சுத்தியலால் தட்டிப் பார்க்க முடியாதது இந்தக் காகிதம் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 13
நாளைக்காம்.

ஆகஸ்ட் 15
லீவு. சங்ககிரி 207 விற்றுப்போய்விட்டதாம். யார் தலையில் விழுந்ததோ.

ஆகஸ்ட் 17
ஆவணி ஒன்று. அம்மா பூ, எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். வண்டி நாமக்கல்லில் நிற்கிறது. அக்கா போன் செய்து, நல்ல வண்டியா என்று மட்டும் கேட்டாள். முட்டை வண்டி என்றேன். சிரித்தாள்.

ஆகஸ்ட் 19
என்.ஓ.சி. வந்துவிட்டது. படிவம் 35-இன் இரண்டாவது பிரதியில் கையெழுத்து இல்லை. நாளை முதல் பஸ், மறுபடி நாமக்கல்.