கேட்க ஆளில்லாத குழு

அறிவு மேலாண்மை என்ற பெயரில் புதிதாகத் தொடங்கிய பிரிவில் என்னை உட்கார வைத்தபோது, வேலை எளிதாகத்தான் தெரிந்தது. எங்களுடையது பல ஊர்களில் பம்புகளையும் கம்ப்ரஸர்களையும் பராமரிக்கிற நிறுவனம். கிளைக்குக் கிளை சிதறிக் கிடந்த பழுது அறிக்கைகளை ஒரே சர்வரில் ஏற்றி, தேடினால் கிடைக்கும்படி செய்ய வேண்டும். செய்தேன். ஒரே மாதிரி டெம்ப்ளேட், குறிச்சொற்கள், கோப்புறைக்குள் கோப்புறை. ஓராண்டு கழித்து எந்தக் கோப்பை அதிகம் பேர் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். விடுப்பு விண்ணப்பப் படிவம். அதுவும் நான் ஏற்றியதல்ல. மனிதவளப் பிரிவினர் வேறு இடம் தெரியாமல் அங்கே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் ஓய்வு பெற இருந்தார். "அவர் போறதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சதையெல்லாம் எடுத்து வெச்சுடுங்க" என்றார் மேலாளர், ஏதோ பீரோவைக் காலி செய்வதுபோல. ரெக்கார்டரோடு மூன்று நாள் அவர் எதிரே உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் கையேட்டில் உள்ளதையே மரியாதையாகச் சொன்னார். நான்காம் நாள் ரெக்கார்டரை மேசையிலேயே விட்டுவிட்டு அவருடன் வேலைக்குப் போனேன்.

ஒரு பம்பில் அதிர்வு அதிகம். பேரிங் மாற்ற வேண்டும் என்று புகார்ச் சீட்டிலேயே எழுதியிருந்தது. அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். அப்புறம் நுனியைப் பம்பின் உடலுக்கு நகர்த்தினார். "உள்ள ஜல்லி உருள்ற மாதிரி கேக்குதா தம்பி? இது பேரிங் இல்ல. உறிஞ்சுற பக்கம் அடைப்பு." உறிஞ்சும் பக்கத்தில் குப்பையைத் தடுக்கிற வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் நீரில் ஆவிக் குமிழிகள் தோன்றும். அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் அவை நொறுங்கும். கேவிடேஷன் என்ற தலைப்பில் கையேட்டில் இதற்கு ஒரு பத்தியே உண்டு. நான் பலமுறை படித்த பத்தி. சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966-லேயே எழுதிவிட்டார். எங்கள் துறைக் கூட்டங்களில் இந்தக் கருத்தைத் திரையில் போட்டு எல்லோரும் தலையாட்டுவோம். மறுநாள் போய் இன்னொரு டெம்ப்ளேட் தயாரிப்போம்.

எனக்கு உண்மையில் வழி காட்டியது ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளரின் வேலை. செராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு 1980-களில் அவர் கூடவே சுற்றினார். கையேடு கைவிட்ட இடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டார்கள். 'எனக்கும் இப்படித்தான் ஒரு மெஷின் மாட்டுச்சு' என்று ஆரம்பிக்கிற கதைகள். மேலிருந்து பார்ப்பவருக்கு வெட்டி அரட்டை. பழுது பிடிபட்டது அந்தப் பேச்சில்தான். பின்னர் 1990-களில் அதே நிறுவனத்தில் யுரேகா என்ற அமைப்பு வந்தது. டெக்னீஷியன் எழுதும் குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும்.

சரி, நாமும் அரட்டைக்கு ஓர் இடம் தருவோம் என்று இணையக் குழு ஒன்றைத் தொடங்கினோம். முதல் தவறு என்னுடையதுதான்: எழுதுகிற பதிவுக்கெல்லாம் புள்ளிகள் கொடுத்தேன். ஒரே வாரத்தில் குழு நிரம்பி வழிந்தது. காலை வணக்கங்கள், கையேட்டிலிருந்து வெட்டி ஒட்டிய பக்கங்கள், ஒருவர் கேட்க அவர் நண்பரே அடுத்த நிமிடம் பதில் சொல்லும் ஜோடிப் பதிவுகள். புள்ளியை நிறுத்தினேன். பதிவுகளும் நின்றன.

இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம் பேர்தான் நிறைய எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். தோராயக் கணக்குதான். ஆனாலும் அந்த 90-ஐ 'பங்கேற்காதவர்கள்' என்று அறிக்கையில் சிவப்பில் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. நள்ளிரவில் ஒரு பழைய பதிலைப் படித்து மெஷினை ஓட வைத்துவிட்டுத் தூங்கப் போனவரும் அதில்தான் இருக்கிறார்.

எங்கள் குழுவில் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு புது டெக்னீஷியன், பம்பின் தண்டோரம் நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் பற்றிக் கேட்டதற்கு, "இதுகூடத் தெரியாமலா சைட்டுக்குப் போனீங்க?" என்று ஒரு மூத்தவர் எல்லோர் முன்னாலும் எழுதினார். கேட்டவர் கேள்வியையே அழித்துவிட்டார். அதன்பின் அந்தக் கிளையிலிருந்து பல மாதம் சத்தமே இல்லை. எனக்குத் தனியாக மட்டும் செய்தி வரும்: "சார், என் பேர் போடாம கேட்டுச் சொல்ல முடியுமா?"

ஆகவே அவற்றை என் பெயரிலேயே கேட்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு சீல் பற்றி ஒன்றும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். போவதற்கு என்னிடம் மானம் ஏதும் மிச்சமில்லை. அசட்டுக் கேள்விக்கும் ஒழுங்கான பதில் வருகிறது என்று பார்த்த பிறகு, ஒவ்வொருவராகச் சொந்தப் பெயரில் வந்தார்கள். அந்த மூத்தவரையும் போனில் பிடித்தேன். "எனக்கெல்லாம் அந்தக் காலத்துல யாரு சொல்லித் தந்தாங்க?" என்றார். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. சீல் தொடர்பான பதில்களைச் சரிபார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். முழுக்க மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் முதல் வரி கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். இரண்டாம் வரி தங்கம்.

தவறான பதில்களைப் பற்றி மேலாளருக்கு ஓயாத கவலை. எனக்கு அவ்வளவாக இல்லை. பச்சைத் தவறு என்றால் பத்து நிமிடத்தில் யாராவது பாய்ந்துவிடுவார்கள். சரியாக இருந்து பழசாகிப்போன பதில்தான் ஆபத்து. ஒரு மோட்டார் பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ் என்று ஒருவர் நன்றாக விளக்கி எழுதியிருந்தார். பிறகு வந்த மோட்டார்களில் பாலியூரியா கிரீஸ். இரண்டும் கலந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகாது. இளகி வெளியே வழிந்துவிடக்கூடும். ஒருவர் பழைய பதிலைப் பார்த்து கிரீஸ் கன்னை எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் என்ற மென்பொருள் நிரலாளர் முதல் விக்கியைத் திறந்துவிட்டபோது, படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பது பெரிய புதுமை. எங்களிடமும் அந்த வசதி இருந்தது. யாரும் தொடவில்லை. எல்லோருக்கும் அனுமதி இருந்தால் அது யாருடைய வேலையும் இல்லை என்று ஆகிவிடுகிறது. இப்போது முக்கியமான ஒவ்வொரு பதிலின் கீழும் ஒருவர் பெயரும், மறுபடி பார்க்க வேண்டிய தேதியும் இருக்கிறது. தேதி தாண்டினால் நான் நச்சரிப்பேன்.

நச்சரிப்புதான் என் வேலையில் பாதி. சமீபத்தில் ஒரு பையன் பம்புச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து குழுவில் போட்டான். மூன்று கிளைகளிலிருந்து பதில் வந்தது. ஒருவர் பேரிங் என்றார். இன்னொருவர் கப்ளிங் அலைன்மென்ட் என்றார். காரக்கார மூத்தவர், "காதைத் தீட்டிக்கிட்டு இன்னொரு தடவை கேளுங்க, ஜல்லிச் சத்தம்" என்றார். அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் பொறுத்து அவனை அழைத்தேன்.

"அது அன்னைக்கே சரியாயிடுச்சு சார்."

"என்னவாம்?"

"ஸ்ட்ரெய்னர்."

"அதை அங்க எழுதுங்க."

"இதுல எழுத என்ன சார் இருக்கு?"

அரை மணி நேரம் கழித்து எழுதியிருந்தான்: "ஸ்ட்ரெய்னர் அடைப்பு. கழுவினதும் சத்தம் நின்றது." கூடவே, கழுவிய பிறகு ஓடும் பம்பின் சத்தத்தையும் பதிவு செய்து போட்டிருந்தான். அதைப் போடச் சொல்லி நான் கேட்கவே இல்லை.