சேஃப்டி துறையில் முதல் வேலை: கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் படிக்க வேண்டியவை

மெக்கானிக்கல் முடித்த கையோடு சேஃப்டி (தொழிலகப் பாதுகாப்பு) துறைக்கு வந்தவன் நான். இப்போது கல்லூரித் தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த கோர்ஸ் சேரலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் சட்டப்படி சேஃப்டி ஆபீசராக நியமிக்கப்பட, பொறியியல் பட்டதாரி என்றால் 2 ஆண்டுகள், டிப்ளமோ என்றால் 5 ஆண்டுகள் சூப்பர்வைசர் நிலையில் அனுபவம் கேட்பார்கள். அதோடு, மாநில அரசு ஏற்றுக்கொண்ட தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோவும் வேண்டும். அங்குள்ள பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, கல்லூரியிலிருந்து நேராகப் போய் யாரும் சேஃப்டி ஆபீசர் ஆவதில்லை. முதல் வேலை சேஃப்டி டிரெய்னி, சேஃப்டி ஸ்டூவர்ட், சேஃப்டி சூப்பர்வைசர் என்ற பெயர்களில்தான் வரும். தேடும்போதும் அந்தப் பெயர்களிலேயே தேடுங்கள்.

இது தெரியாமல்தான் பல குடும்பங்கள் கடன் வாங்கி, ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி' கோர்ஸில் பிள்ளைகளைச் சேர்க்கின்றன. நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போர்டு வைத்திருப்பார்கள். உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசராக நியமிக்கலாமா? அதற்கான அரசு ஆணையைக் காட்டுங்கள்." பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இருக்கிறது. அது நடத்தும் ஓராண்டு ஏ.டி.ஐ.எஸ். (தொழிலகப் பாதுகாப்பு உயர்நிலை டிப்ளமோ) படிப்புக்கு எங்கே போனாலும் மதிப்பு உண்டு. ஆனால் அதில் சேரவே அனுபவம் வேண்டும். நெபோஷ் ஐ.ஜி.சி. பிரிட்டன் அமைப்பு தரும் சான்றிதழ். வளைகுடா வேலைக்குக் கை கொடுக்கும், ஆனால் இங்கே சட்டம் கேட்கும் டிப்ளமோவுக்கு அது ஈடாகாது. 'ஓஷா 30 ஹவர்' என்பது அமெரிக்கப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்ததற்கான அட்டை, அவ்வளவுதான். அதை லைசென்ஸ் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

சரி, அந்த முதல் அனுபவத்துக்கு எங்கே போவது? என் பதில், கட்டுமானமும் ஷட்டவுன் வேலையும் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை). பெரிய கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதை விட, அந்த கம்பெனிக்கு சாரம் கட்டுகிற, பெயின்ட் அடிக்கிற, பைப்லைன் போடுகிற சப்-கான்ட்ராக்டர்களைத் தேடிப் பிடியுங்கள். 'உன் ஆட்களுக்கு ஒரு சேஃப்டி சூப்பர்வைசர் இல்லாமல் கேட் பாஸ் கிடையாது' என்று மெயின் கம்பெனி நெருக்கும்போது, அவசரமாக ஆள் தேடுவது அவர்கள்தான். மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட், தூத்துக்குடி பக்கம் ஆலைகளில் ஷட்டவுன் வரும்போது ஃபயர் வாட்ச் (வெல்டிங் போன்ற வேலையின்போது தீப்பிடிக்காமல் கவனிப்பது), ஹோல் வாட்ச் (டேங்குக்குள் இறங்கியவரை வெளியே நின்று கவனிப்பது) வேலைக்குத் தற்காலிகமாக ஆள் எடுப்பார்கள். சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் பர்மிட் (ஆபத்தான வேலைக்கான எழுத்துப்பூர்வ அனுமதி) எப்படி எழுதுகிறார்கள், டேங்குக்குள் ஆள் இறங்கும் முன் கேஸ் டெஸ்ட் எப்படி எடுக்கிறார்கள், ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஏன் யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதையெல்லாம் கண்ணால் பார்ப்பீர்கள். எந்த வகுப்பறையிலும் இது கிடைக்காது.

என் முதல் நேர்காணல் ஒரகடம் பக்கம் ஒரு சைட்டில் நடந்தது. மேனேஜர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. ஃபேப்ரிகேஷன் யார்டுக்கு அழைத்துப் போய், ஒரு கை கிரைண்டரை நீட்டி, "என்ன தப்பு, சொல்லுங்க" என்றார். நாலு இஞ்ச் மெஷினில் அஞ்சு இஞ்ச் வீல் மாட்டியிருந்தார்கள். அது உள்ளே நுழைய வேண்டும் என்பதற்காகவே கார்டை (வீலை மூடியிருக்கும் தடுப்பை) கழற்றியிருந்தார்கள். அதைச் சொன்னேன். "வேற?" என்றார். வீலில் அச்சிட்டிருக்கும் ஆர்.பி.எம்., மெஷினின் ஆர்.பி.எம்.மை விடக் குறையக் கூடாது என்று சொல்லி இரண்டையும் படித்துக் காட்டினேன். கேபிளில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தது, பிளக் இல்லாமல் ஒயரை நேராக சாக்கெட்டில் சொருகியிருந்தார்கள். அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "இதை வச்சு வேலை செய்யறவரை எப்படி நிறுத்துவீங்க?" கத்தக் கூடாது, பின்னாலிருந்து தோளைத் தொடக் கூடாது, அவர் பார்வையில் படும்படி முன்னால் போய் நின்று, சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்றேன். இந்தத் துறையில் ஆளை எடுப்பது இந்தப் பதிலைப் பார்த்துத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குறையைக் கண்டுபிடிக்கப் பலருக்கும் தெரியும். வேலை செய்பவரின் கௌரவம் கெடாமல் நிறுத்தச் சிலருக்குத்தான் தெரியும்.

அதனால் நேர்காணலுக்கு முன் ஹார்னஸ் (உயரத்தில் வேலை செய்பவர் அணியும் பாதுகாப்புப் பட்டை), தீயணைப்பான், சாரம், கிரைண்டர், வெல்டிங் செட் ஆகிய ஐந்தையும் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஊரில் ஏதாவது லேத் பட்டறையோ கட்டட வேலையோ நடக்காமலா இருக்கும்?

படிப்பு விஷயத்தில் எனக்குக் கை கொடுத்த முறை, சட்டப் பிரிவை சைட்டில் பார்த்த பொருளோடு சேர்த்துப் படித்தது. செயின் பிளாக்கில் (எடை தூக்கும் சங்கிலிக் கருவி) தொங்கும் டேக்கைப் பார்த்தால் அப்போது அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, 12 மாதத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவரின் சோதனை. லிஃப்ட் என்றால் 28ஆம் பிரிவு, 6 மாதத்துக்கு ஒரு முறை. இப்படிப் படித்தது ஏ.டி.ஐ.எஸ். தேர்விலும் அப்படியே கை கொடுத்தது. 2020ஆம் ஆண்டின் புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பையும் சேர்த்துப் படியுங்கள். அது அந்த 1948 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 1,000 தொழிலாளர்கள் இருந்தால் சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்றிருந்தது, இதில் 500 ஆகியிருக்கிறது. அபாயகரமான தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 250. வேலை தேடுபவர்களுக்கு இது நல்ல செய்தி. விபத்து விகிதக் கணக்கும் கேட்பார்கள்: வேலைநாள் இழப்பு ஏற்படுத்திய விபத்துகளின் எண்ணிக்கையைப் 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த மனித மணி நேரத்தால் (எல்லோரும் வேலை செய்த மணி நேரங்களின் கூட்டுத்தொகை) வகுக்க வேண்டும்.

இந்தி கற்றுக்கொள்ளுங்கள். அரசியல் வேறு, இது வேறு. நம் சைட்டுகளில் சாரத்தில் ஏறுகிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள். காலை டூல் பாக்ஸ் டாக்கை (வேலை தொடங்கும் முன் நடக்கும் சிறு பாதுகாப்புப் பேச்சு) தமிழிலும் இங்கிலீஷிலும் மட்டும் நடத்தினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. பத்து வாக்கியம் தெரிந்தாலே போதும், அவர்களே மீதியைச் சொல்லித் தருவார்கள்.

வளைகுடா ஆசை இருந்தால், ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டையோ பணத்தையோ கையில் கொடுக்காதீர்கள்.

வேலை கிடைத்து ஆஃபர் லெட்டர் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். நான் யாருக்குக் கீழே வேலை செய்வேன், புரொடக்‌ஷன் மேனேஜருக்கா, சேஃப்டி மேனேஜருக்கா? ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா, அது எழுத்தில் இருக்கிறதா? புதிதாக வந்தவர் இதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். நல்ல மேனேஜர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.