ஞகர வரிசைக்கு நான்கு தொட்டிகள்: ஒரு வருடக் குறிப்பு

எங்கள் மொட்டைமாடியில் ஒவ்வொரு தொட்டிக்கும் பெயர்ப்பலகை உண்டு. மகள் எழுத்துகள் கற்றுக்கொண்ட சமயத்தில் அகத்தி, ஆடாதோடை, இஞ்சி என்று எல்லாவற்றையும் அகர வரிசையில் நகர்த்தி வைத்தோம். ஔகாரத்துக்கு அவுரியை 'ஔரி' என்று எழுதி வைத்தேன். ஓமவல்லிக்குப் பக்கத்தில் அது பொருத்தமாகவே நின்றது. சகரம் தாண்டியதும் வரிசை நின்றுவிட்டது.

"ஞவுக்கு ஒண்ணுமே இல்லையாப்பா?"

"ஞாயிறு இருக்கே கண்ணு."

"அது செடி இல்லையே."

அவள் சொன்னது சரிதான். பாடப்புத்தகத்தில் ஞாயிறுக்கும் ஞானிக்கும் மேல் ஞகரம் போவதில்லை. அன்றிரவு இலக்கண நூல்களைப் புரட்டினேன். ஞகரம் சொல்லுக்கு முதலில் வரும்போது ஆ, எ, ஒ என்ற மூன்று உயிர்களோடு மட்டுமே வரும் என்கிறது தொல்காப்பியம். ஞா, ஞெ, ஞொ. நன்னூல் அவற்றோடு அகரத்தையும் சேர்த்து நான்காக்குகிறது. எனக்கு அங்கேயே திட்டம் பிறந்துவிட்டது. ஓர் உயிருக்கு ஒரு தொட்டி: ஞ, ஞா, ஞெ, ஞொ. அந்தந்த எழுத்தில் தொடங்கும் செடியைத் தேடிப் பிடித்து வளர்க்க வேண்டும்.

முதலில் கிடைத்தது, கிடைக்கவே கிடைக்காது என்று நான் நினைத்த ஞொ.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்குப் பிறந்த ஊர் பாலக்காடு. கோவைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. காலி மனையில் களையாக முளைத்துக் கிடந்த சொடக்குத் தக்காளியைக் காட்டி, "தம்பி, இதைப் பிடுங்கிப் போட்றாதீங்க. சின்ன வயசுல நாங்க இதுக்கு அடிச்சுக்குவோம். ஞொட்டாஞொடியன்" என்றார்.

"சேச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஞொட்டா... ஞொடியன்."

பழத்தை மூடியிருக்கும் காகிதப் பை போன்ற உறையை நெற்றியில் வைத்து அடித்தால் பட்டென்று வெடிக்கும். தமிழில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொடக்குத் தக்காளி என்கிறோம். மலையாளத்திலும் அதே கதைதான். ஞொடி என்றால் விரல் சொடுக்கும் சத்தம், அது ஆகிற நேரமும் அதுவே. 'ஞொடியிட' என்று சேச்சி சொல்வதை நாம் நொடிப்பொழுது என்கிறோம். ஞொடியும் நொடியும் ஒன்றே என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்குப் பெரிய சந்தோஷம். நண்டை அவர்கள் ஞண்டு என்பார்கள், நெருஞ்சிலை ஞெரிஞ்ஞில் என்பார்கள். நம் பழைய பாட்டுகளிலும் ஞெண்டு என்ற சொல் இருக்கிறது. நம் நாக்கு நகரத்துக்கு நகர்ந்துவிட்ட பல இடங்களில் மலை தாண்டிய நாக்கு ஞகரத்தை விடாமல் வைத்திருக்கிறது. அதனால் தேடவேண்டிய திசை பாலக்காட்டுக் கணவாய் என்று புரிந்தது.

சித்திரைக் கடைசியில், பழுத்து உதிர்ந்த நான்கு பழங்களைப் பிசைந்து, விதைகளைத் தண்ணீரில் அலசி, குழித்தட்டில் மேலாகத் தூவினேன். விதை மிகச் சிறியது. ஆழமாகப் புதைக்கக் கூடாது. மண்புழு உரத்தை ஒரு சிட்டிகை தூவி மூடினால் போதும். ஒன்பதாம் நாள் முளைப்பு. நான்கு இலை விட்டதும் பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு நான் செய்தது தண்ணீர் விட்டதும், வெள்ளை ஈ வந்தபோது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்ததும்தான். விதைத்த எழுபத்தாறாம் நாள் முதல் பழம் தானாக உதிர்ந்தது. உறை காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்து, பழம் கீழே விழுந்த பிறகுதான் தின்னலாம். பச்சைக் காயில் நச்சுத்தன்மை உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும்.

அகரத்தோடு வரும் ஞகரத்துக்கு ஞவரை. நவரை நெல் என்று கேரளத்து ஆயுர்வேத மருத்துவத்தில் பெயர் பெற்றது. ஞவரைக் கிழி சிகிச்சைக்கு இந்த அரிசியைப் பாலிலும் மூலிகைக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் முடிந்து உடம்பில் ஒத்துவார்கள். வடமொழியில் ஷஷ்டிகம், அதாவது அறுபது நாள் நெல். புவிசார் குறியீடு பெற்ற நெல் இது. கறுப்பு உமி ஒன்று, பொன்னிற உமி ஒன்று என்று இரண்டு வகை உண்டு. சேச்சியின் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி கறுப்பு வகை வந்தது.

மாடியில் நெல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் தொட்டியில் ஓட்டை இருக்கக் கூடாது. மூன்று பிளாஸ்டிக் டப்பில் வண்டல் மண்ணும் மட்கிய சாணமும் கலந்து, தண்ணீர் விட்டுக் கையாலேயே சேறாக்கினேன். விதையை ஒரு நாள் ஊறவைத்து, ஈரச்சாக்கில் முளை கட்டி, வைகாசி ஐந்தாம் தேதி தூவினேன். வெளித்தோட்டத்தில் இருபது வருடம் காய்கறி போட்டிருக்கிறேன். நெல் தூர் கட்டுவதை, அதாவது அடியிலிருந்து பக்கத் தாள்கள் கிளைப்பதை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. ஒரு விதையிலிருந்து ஐந்து, ஆறு தூர். ஆனி நடுவில் பொதி, அதாவது தாளுக்குள் கதிர் திரளும் புடைப்பு, தெரிந்தது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும்போது தினைக்குருவிகள் வந்துவிட்டன. பழைய கொசுவலையைக் குச்சி நட்டு மேலே கட்டினேன்.

பெரிய சேதம் குருவியால் வரவில்லை, காற்றால் வந்தது. கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று எங்கள் மாடியில் நேராக அடிக்கும். ஞவரையின் தாள் மெலிசு. ஓர் இரவில் மூன்று டப்பும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கதிர் பாரத்தில் ஞவரை இயல்பாகவே சாயக்கூடிய நெல் என்று சேச்சியின் அண்ணன் போனில் சொன்னார். நிமிர்த்திச் சணல் கயிற்றால் நான்கு பக்கமும் கட்டியதில் இரண்டு டப் தேறியது. மூன்றாவதில் பாதிக்கு மேல் உள்ளே அரிசி இல்லாத கருக்காய். அடுத்த தடவை, கதிர் வருவதற்கு முன்பே டப்பைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டுவிடப் போகிறேன்.

ஆடி பதினாறில், எழுபத்து நான்காம் நாள், அறுத்தோம். நூற்று முப்பது கிராம் நெல். முப்பது கிராமை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சேச்சி வீட்டு உரலில் குத்தி, முறத்தில் புடைத்தோம். உள்ளே அரிசி செம்மண் நிறத்தில் இருந்தது. நமக்கு ஆடி என்றால் அவர்களுக்குக் கர்க்கடகம், மருந்துக் கஞ்சி குடிக்கிற மாதம். சேச்சி வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சினார். ஆளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. மண்வாசனையும் லேசான கசப்பும் கலந்த அந்தக் கஞ்சிக்காக இன்னும் பத்து டப் வைக்கலாம் என்று தோன்றியது.

ஞாவுக்கு நான் ஆசைப்பட்டது ஞாழல். சங்கப் பாட்டுகளில் கடற்கரை மணல்மேட்டில் பூக்கும் மரம். ஐங்குறுநூற்றில் ஞாழற் பத்து என்று பத்துப் பாட்டே அதற்கு இருக்கிறது. குறுந்தொகையில் ஒரு பாட்டு அதன் பூவை ஐயவி அளவு, அதாவது வெண்கடுகு அளவு சிறியது என்கிறது. உரைகாரர்கள் இதைப் புலிநகக்கொன்றை என்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லி மூன்று நாற்றுப்பண்ணைகளில் கேட்டேன். மூன்று இடத்திலும் வேறு வேறு செடியைக் காட்டினார்கள். ஒன்றில்கூடப் பூ கடுகு அளவில் இல்லை. தவறான செடிக்கு அந்தப் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஞாவல். நம் நாவல்தான், மலையாளத்தில் ஞாவல். நாவல் விதை காய்ந்தால் உயிர் போய்விடும். பழம் தின்ற அன்றே ஊன்றுவது நல்லது. ஆனியில் சந்தையில் வாங்கிய பழத்தின் எட்டு விதைகளை ஊன்றினேன், ஏழு முளைத்தன. அதில் ஒன்றிலிருந்து மூன்று நாற்று வந்தது. நாவல் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருப்பது வழக்கம் என்று புத்தகத்தில் படித்திருந்தாலும் கண்ணால் பார்த்தபோது மகளைவிட நான்தான் அதிகம் கத்தினேன். வலுவான ஒன்றை மட்டும் தொட்டியில் விட்டுவிட்டு மற்றவற்றைத் தெருவில் கொடுத்தாயிற்று.

கடைசியாக ஞெமை. இதற்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தேன்.

தாவரவியல் தெரிந்தவர்கள் ஞெமையை இன்றைய நமை, வெக்காலி மரம் என்று கொள்கிறார்கள். வண்டி அச்சுக்கும் கருவிப் பிடிகளுக்கும் பேர்போன உறுதியான மரம். பட்டையிலிருந்து வடியும் பிசின் வணிகத்தில் 'கட்டி' கோந்து. பாட்டுகளில் இது வறண்ட பாலை வழியில் நிற்கும். குறுந்தொகையில் அதன் உச்சியில் ஊனுக்காக ஒரு பருந்து காத்திருக்கும். நற்றிணையில் ஒரு புலவர் ஞெமை ஓங்கிய இமயம் என்கிறார். இமயமலை அடிவாரக் காடுகளிலும் இந்த மரம் உண்மையாகவே உண்டு, நம் முதுமலையிலும் உண்டு. இரண்டு இடத்து மரமும் ஒன்று என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதை நினைக்க நினைக்க வியப்பு.

காப்புக்காட்டில் விதை பொறுக்கக் கூடாது. ஆனைகட்டிப் பக்கம் நண்பர் ஒருவரின் பட்டா நிலத்து வரப்பில் ஒரு மரம் நிற்கிறது. மாசியில் போனேன். காய்கள் சட்டைப் பொத்தான் அளவில் உருண்டையாக, தொட்டால் சின்னச் சின்னச் சிறகுத் துண்டுகளாக உதிரும். இருபது விதையைப் பிளேடால் வெட்டிப் பார்த்ததில் பதினெட்டில் உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கருக்காய். இந்த மரத்துக்கே உரிய சிக்கல் அது. விதை ஏராளம், முளைப்பு மிகக் குறைவு. அதனால் கணக்குப் பார்க்காமல் கொஞ்சம் நிறையவே விதைக்க முடிவு செய்தேன். வைகாசியில் சுமார் நானூறு விதையை ஒரு நாள் ஊறவைத்து, மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த தட்டில் தூவினேன்.

முளைத்தது ஆறு. பதினேழாம் நாள் முதலாவது. மூன்று நாற்று, தட்டில் ஈரம் அதிகமாகி அடித்தண்டு அழுகிச் சாய்ந்தன. தண்ணீரைக் குறைத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றினேன். ஒன்றை அணில் கடித்துவிட்டது. மிச்சம் இரண்டு. இளந்தளிரில் பட்டுப்போல் மெல்லிய ரோமம் இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போகும் முன் அதை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் போகிறாள். பலகையில் 'ஞெமை' என்று எழுதியதும் அவள்தான்.

இப்போது தை. நாவல் கன்று முழங்கால் உயரம். ஞொட்டாஞொடியனை இனி யாரும் விதைக்க வேண்டியதில்லை, ஓமவல்லித் தொட்டி வரை தானே முளைத்து வருகிறது. ஞெமைக் கன்று ஒன்று பதினெட்டு சென்டிமீட்டர், மற்றது பதினொன்று. போன வாரம் பெரியதன் அடி இலைகள் செம்பு நிறமாகி இரண்டு உதிர்ந்தன. பதறிப்போய் நண்பருக்குப் போன் செய்தேன். "நம்ம வரப்பு மரமும் சிவந்துதான் நிக்குது, பனிக்காலத்துல அப்படித்தானுங்க" என்றார். வருகிற ஆடிப்பட்டத்தில் பெரிய கன்றை அதே வரப்பில், தாய் மரத்திலிருந்து முப்பதடி தள்ளி வைக்கக் குழிக்கு இடம் பார்த்தாயிற்று. சின்னது தொட்டியிலேயே இருக்கும்.