சாவி இல்லாமல் பாடும் ரேடியோ

எங்களுடையது 1997ஆம் ஆண்டு மாருதி 800. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாந்தோப்புக்கு அப்பாவை அதில்தான் அழைத்துப்போகிறேன். மூட்டுவலியோடு அவரால் வரப்பில் நடக்க முடியாது. மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தர்மபுரி பண்பலை 102.5 வைத்துவிட்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஆனால் மோட்டார் அறைச் சாவியும் கார் சாவியும் ஒரே கொத்தில். அதை எடுத்துக்கொண்டு நான் கிளம்பினால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

சாவியைப் பிரித்துக் கொடுத்தும் பார்த்தேன். அப்பா அதை ஏசிசி நிலையில், அதாவது ரேடியோ, லைட்டர் போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரம் போகும் இடத்தில் நிறுத்தாமல் ஆன் வரை திருப்பிவிட்டார். எஞ்சின் ஓடாமல் ஆனில் கிடந்தால் பேட்டரி இறங்கும். பாயிண்ட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய வண்டிகளில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் சூடேறும். அன்று மாங்காய் பறிக்க வந்தவர்கள் நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். "பாட்டு கேட்டதற்கா இவ்வளவு?" என்று அப்பா முனகிக்கொண்டே வந்தார்.

வெளியே வாங்கிப் பொருத்தும் ரேடியோ செட்டுகளில் பெரும்பாலும் மூன்று கம்பிகள்தான் முக்கியம். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். நிலைய நினைவும் கடிகாரமும் அதில்தான் நிற்கின்றன. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வருவது. செட்டை எழுப்பும் கம்பி அது. கறுப்பு எர்த். சிவப்புக்கும் எப்போதும் மின்சாரம் கிடைத்தால் சாவி தேவையில்லை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

செட்டை வெளியே இழுப்பதே ஒரு பாடு. பக்கவாட்டில் செருகும் தகடுகளை எப்போதோ தொலைத்திருந்தோம். உடைந்த ஹாக்சா பிளேடு துண்டுகள் இரண்டைச் செருகியபோது 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. உள்ளே பார்த்தால், வண்டிப் பக்கத்திலிருந்து வந்த எல்லாக் கம்பிகளையும் முன்பு யாரோ ஒரே பச்சை நிறக் கம்பிகளால் நீட்டியிருந்தார்கள். நிறத்தை நம்ப வழியில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் வெறும் இரும்பில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். சாவி என் சட்டைப் பையில் இருக்கும்போதே 12.4 வோல்ட் காட்டியது ஒன்று; அதுதான் நிரந்தரக் கம்பி. சாவியை ஏசிசிக்குத் திருப்பிய பிறகே உயிர் வந்தது இன்னொன்று.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். இங்கேதான் சறுக்கினேன். செட்டின் சிவப்பு, வண்டியின் ஏசிசி கம்பி, மஞ்சள் மூன்றையும் ஒரே முறுக்காக முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். முனையை மாட்டியதும் ரேடியோ பாடியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. இரவு வண்டியை மூடப் போனபோது டேஷ்போர்டில் நீல வெளிச்சம். சிகரெட் லைட்டர் துளையில் செருகியிருந்த போன் சார்ஜர், சாவி இல்லாமலே எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி மின்சாரம் என் முடிச்சு வழியாக ஏசிசி கம்பிக்குள் பின்புறமாகப் பாய்ந்து, அதில் தொங்கும் எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருக்கிறது! அந்தச் சுமை முழுவதையும் ரேடியோவின் ஃப்யூஸ் தாங்கிக்கொண்டிருந்தது.

காலையில் பிரித்தேன். வண்டியின் ஏசிசி கம்பியை முடிச்சிலிருந்து விடுவித்து, நுனியில் ஸ்லீவ் போட்டு, எதிலும் படாதபடி மடித்துக் கட்டினேன். செட்டின் சிவப்பை மட்டும் மஞ்சளோடு சேர்த்தேன். அதையும் நேராகச் சேர்க்கவில்லை. ஃப்யூஸைத் தாண்டிய இடத்திலிருந்து ஒரு கம்பி எடுத்து, நடுவில் சின்ன டாகிள் சுவிட்ச் வைத்தேன். சிவப்பில் எப்போதும் மின்சாரம் இருந்தால் சில செட்டுகள் அணைத்த பிறகும் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்ச் வந்ததும் அந்தக் கவலை போயிற்று. இணைப்புகளை இந்த முறை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். வெயிலில் நின்ற வண்டிக்குள் டேப் பசை இளகி வழிவதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

ஒலியை நடுத்தரமாக வைத்து அளந்தபோது செட் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் எடுத்தது. பேட்டரி 35 ஆம்பியர் மணி. மூன்று மணி நேரம் கேட்டாலும் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. நம்முடையது கிழட்டு பேட்டரி என்பதால் அப்பாவுக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

சுவிட்சை ஸ்டியரிங்குக்கு அடியில் வைத்தது இன்னொரு தவறு. இடப்பக்க இருக்கையிலிருந்து அவருக்கு எட்டவில்லை. இரண்டாவது வாரம் அதைக் கழற்றி, அவர் முழங்காலுக்கு மேலே டேஷ்போர்டின் விளிம்பில் துளைபோட்டு மாட்டினேன். புதிதாகத் துளை போட்டதற்கு ஒரு திட்டும் வாங்கினேன்.