பதினொரு பக்கங்கள்

"யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று நான் சொன்னது ஆறுதலுக்காகத்தான். அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதே முகத்தில் தெரிந்தது. நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேச்சு மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். 2007-இல் ஒரு வியாழக்கிழமை மாலை, டெலிவரிக்கு நான்கு நாள் முன்பு. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான புத்தகங்களை எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பு வடிவத்துக்கு மாற்றி அனுப்பியிருக்கிறேன். அவற்றில் நடந்த பெரிய பெரிய தவறுகள் மறந்துவிட்டன. ஒரு முறை முழு அத்தியாயமே விடுபட்டுப் போய், வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்தியதைக்கூட இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. யாருமே கத்தாத இந்த ஒன்றுதான் போக மறுக்கிறது.

வந்திருந்தது காப்டிக் மொழிக் கையெழுத்துப் பிரதிகளைப் பற்றிய பழைய அட்டவணை நூல். எகிப்தில் சோஹாக் நகருக்கு அருகில் வெள்ளை மடாலயம் என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் ஷெனூட்டே என்ற துறவி தலைவராக இருந்த இடம். அதன் நூலகத்திலிருந்த சுவடிகள் தாள் தாளாகப் பிரிந்து பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ், லண்டன், கெய்ரோ என்று சிதறிவிட்டன. ஒரே நூலின் ஒரு தாள் ஒரு நாட்டிலும் அடுத்த தாள் வேறு நாட்டிலும் கிடக்கின்றன. எது எதனோடு சேரும் என்று பார்ப்பதே சிலருக்கு வாழ்நாள் வேலை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கோப்புகளைச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனம் யூனிகோடில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையில், தட்டச்சு செய்து வைத்திருந்தது. அப்போது யூனிகோடில் காப்டிக்குக்குத் தனி வீடு இல்லை. காப்டிக் என்பது பழைய எகிப்திய மொழியின் கடைசி நிலை. அது கிரேக்கத்தின் 24 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமோட்டிக் என்ற பழைய எகிப்திய எழுத்திலிருந்து சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது. யூனிகோடு தொடங்கிய காலத்தில், "எழுத்து ஒன்றுதானே, காப்டிக் வேண்டுமென்றால் எழுத்துருவை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று முடிவு செய்துவிட்டார்கள். டெமோட்டிக்கிலிருந்து வந்த ஏழுக்கு மட்டும் பெரியதும் சிறியதுமாக 14 இடங்கள், 994 முதல் 1007 வரை, கிரேக்கத்துக்கு உள்ளேயே கொடுக்கப்பட்டன. ஆகவே எங்களுக்கு வந்த கோப்பில் கிரேக்க மேற்கோளும் காப்டிக் மேற்கோளும் 880 முதல் 1023 வரையிலான ஒரே தொகுதிக்குள் கலந்து கிடந்தன. எது எந்த மொழி என்ற அடையாளக் குறியும் இல்லை.

2005 மார்ச்சில் வந்த யூனிகோடின் 4.1 பதிப்பு இரண்டையும் பிரித்தது. காப்டிக் எழுத்துகளுக்கு 11392-இல் தொடங்கும் புதிய தொகுதி கிடைத்தது. ஆனால் ஒரு முறை கொடுத்த எண்ணை யூனிகோடு திரும்ப வாங்குவதில்லை என்பதால் அந்த 14 எழுத்துகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. காப்டிக்கில் மகன் என்பதற்கு "ஷேரே" என்பார்கள். அதன் முதல் எழுத்து இன்றும் கிரேக்கத் தெருவில் குடியிருக்கிறது, மற்ற மூன்று எழுத்துகள் புதுக் குடியிருப்பில். பங்காளிச் சண்டையில் பாகம் பிரித்த வீடு போல.

வாடிக்கையாளரின் குறிப்பு ஒரே வரிதான்: காப்டிக் எல்லாம் புதிய தொகுதிக்கு மாற வேண்டும், கிரேக்கம் கிரேக்கமாகவே இருக்க வேண்டும்.

அவள் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வியாழன் மாலை என்னிடம் வந்தபோது பதினொரு பக்கங்களை முடித்திருந்தாள். அச்சுப் பக்கத்தின் படத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பார்த்து மாற்றியிருந்தாள். பழைய அச்சில் காப்டிக் எழுத்து கொஞ்சம் பருமனாக, வட்டமாக இருக்கும். கிரேக்கம் ஒல்லியாகச் சாய்ந்திருக்கும்.

"பார்த்தால் தெரிகிறது அண்ணா" என்றாள்.

"பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு மாதம் ஆகும்மா" என்றேன்.

என்னிடம் ஒரு விதி இருந்தது. பெர்ல் என்ற கணினி மொழியில் ஐந்து வரி. ஒரு சொல்லில் அந்த ஏழு எழுத்துகளில் ஏதாவது ஒன்று இருந்தால் அது காப்டிக், முழுச் சொல்லையும் புதிய தொகுதிக்கு மாற்று. இல்லையென்றால் கிரேக்கம், தொடாதே. கேட்பதற்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! கிரேக்கச் சொல்லில் அந்த எழுத்துகள் வரவே வராது, ஆகவே கிரேக்கம் ஒன்றுகூடக் காப்டிக் ஆகிவிடாது. அந்தப் பாதி நூற்றுக்கு நூறு சரி. அதை நினைத்து இன்றும் கொஞ்சம் பெருமைப்படுகிறேன் என்பதை மறைப்பானேன்.

மற்றப் பாதிதான் விஷயம். அவள் தான் முடித்த பக்கங்களிலிருந்து மூன்று சொற்களைக் காட்டினாள். "நூட்டே", கடவுள். "ரோமே", மனிதன். "ரன்", பெயர். மூன்றுமே அசல் காப்டிக். மூன்றிலும் அந்த ஏழு எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. என் விதிப்படி கடவுளும் மனிதனும் பெயரும் கிரேக்கமாகிவிடுவார்கள். அவள் அதோடு நிற்கவில்லை, மாற்று வழியும் சொன்னாள். "கிரேக்கச் சொல்லுக்கு மேலே மூச்சுக்குறி, அழுத்தக்குறி ஏதாவது ஒன்று இருக்கிறது அண்ணா. காப்டிக்கில் அந்தக் குறிகள் இல்லை. அதை வைத்துப் பிரித்தால் என்ன?"

மூன்று மாத அனுபவத்தில், இரண்டு மொழியும் தெரியாத ஒரு பெண் கண்ணால் மட்டும் பார்த்துச் சொன்னது இது. என் விதியைவிடப் பல மடங்கு நல்ல விதி. அது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அவ்வளவு வேகமாக அடிக்குறிப்புகளைப் புரட்டி, குறியே இல்லாத கிரேக்கத்தைத் தேடினேன். கிடைத்தது. பாப்பிரஸ் தாள்களில் இருப்பதை இருப்பது போலவே எழுதிக் காட்டும் இடங்களில் குறி இருக்காது. இயேசு, கடவுள் போன்ற புனிதப் பெயர்களைச் சுருக்கி எழுதி மேலே கோடு போடுவது இரண்டு மொழியிலும் உண்டு. "இதோ பார், உன் விதி இங்கே உடைகிறது" என்றேன். நூலில் அப்படி இருபது இடம் இருந்திருக்கலாம். என் விதி உடைந்த இடங்களை நான் எண்ணவே இல்லை. விதிவிலக்கைக் காட்டி விதியைக் கொன்றேன்.

பிறகு இன்னொன்றும் சொன்னேன். அதுதான் அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் அதில் என் படிப்பைக் காட்டினேன். கிரேக்கத்தின் கேள்விக்குறி நம் அரைப்புள்ளி போலவே இருக்கும். அதற்கு 894 என்று தனி எண் இருந்தாலும், இயல்பாக்கம் செய்தால், அதாவது ஒரே எழுத்துக்கு உள்ள வெவ்வேறு எண்களை ஒன்றாக்கினால், அது 59-ஆம் எண் அரைப்புள்ளியாகவே மாறிவிடும். மின்தடையைக் குறிக்கும் ஓம் குறி 8486. அதுவும் 937 என்ற கிரேக்க ஒமேகாவாகிவிடும். "ஒரே உருவம் என்றால் கணினி எப்படியும் சேர்த்துக்கொள்ளும்மா" என்றேன். அவள் நம்பினாள். நானும் நம்பினேனா? நம்ப விரும்பினேன். கிரேக்க ஆல்ஃபா 945, காப்டிக் ஆல்ஃபா 11393. இவை இரண்டுக்கும் நடுவில் அப்படி எந்தப் பாலமும் இல்லை. ஒன்றாகிவிடக் கூடாது என்பதற்காகத்தானே பிரித்தார்கள்!

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஔவையார் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி வைப்பவர்களைக் கண்டால் அன்றும் எரிந்து விழுவேன். பார்க்க ஔவை போலவே இருக்கும், தேடினால் அகப்பட மாட்டாள். அந்தக் கோபம் உள்ளவன்தான் கடவுளைக் கிரேக்கத்தில் விட்டு வந்தேன்.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "தப்பாகப் போனால் யார் அண்ணா கண்டுபிடிப்பார்கள்?"

வெள்ளிக்கிழமை நடந்தது இன்னும் வேடிக்கை. எங்கள் கணினிகளில் புதிய தொகுதிக்கான எழுத்துரு இல்லை. ஆகவே அவள் சரியாக மாற்றிய பதினொரு பக்கங்களில் காப்டிக் முழுவதும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. என் ஸ்கிரிப்ட் ஓடிய பக்கங்களில் கட்டங்கள் அங்கங்கேதான். மீதிச் சொற்கள் பளிச்சென்று கிரேக்க எழுத்தில் தெரிந்தன. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு எதைத் திருப்பி அனுப்பியிருக்கும்? அவளுடைய பதினொரு பக்கங்களைத்தான், சிவப்புக் குறிகளோடு. என் பக்கங்களில் ஆல்ஃபா ஆல்ஃபாவாக இருந்தது, பீட்டா பீட்டாவாக இருந்தது. பத்தாயிரம் எழுத்துக்கு ஐந்து பிழைவரை அனுமதி, அந்தக் கணக்குக்குள் தாராளமாகத் தேறின. நான் போய், எழுத்துரு இல்லாததால்தான் கட்டம் தெரிகிறது, அந்தப் பக்கங்கள் சரிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்காக நான் செய்தது அது ஒன்றுதான். அதைச் செய்தபோது பெருந்தன்மை என்று நினைத்தேன்.

திங்கள்கிழமை டெலிவரி போனது. ஒப்புதல் வந்தது. வாசகர் திரையில் பார்ப்பது அச்சுப் பக்கத்தின் படத்தை. எங்கள் எழுத்துகள் அதன் அடியில் தேடலுக்காக மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தன. நான் சொன்னபடியே யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நியாயம் பேச எனக்கும் வாய் இருக்கிறது. நான்கு நாளில் இரண்டு பேர் அந்த நூல் முழுவதையும் கண்ணால் பார்த்து முடித்திருக்க முடியாது. நாள் கூட்டிக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நான் கேட்கவில்லை, ஆகவே கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதும் என் ஊகம்தான். அவளுடைய விதியை எழுதவும் பெர்லில் பத்து வரிக்கு மேல் ஆகியிருக்காது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் என் வாதம் பலமாகத்தான் இருக்கிறது.

அவள் ஓர் ஆண்டு கழித்து வேறு வேலைக்குப் போனாள். போகும்போது நன்றாகத்தான் பேசிவிட்டுப் போனாள். இந்த விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. அவளுக்கு நினைவில்கூட இல்லாமல் இருக்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு வேலைக்காக அந்தத் தொகுப்பு கண்ணில் பட்டது. இதற்குள் கணினிகளில் காப்டிக் எழுத்துரு வந்துவிட்டது. "ரன்" என்ற சொல்லைப் புதிய தொகுதி எழுத்துகளில் தட்டித் தேடினேன். சில முடிவுகள் வந்தன, நிம்மதியாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் நூலின் முதல் பதினொரு பக்கங்கள். அதற்கு மேல் அந்த நூலில் பெயர் என்ற சொல்லே இல்லாதது போல இருந்தது. அதே சொல்லைக் கிரேக்க எழுத்தில் தட்டினேன், மீதி அத்தனையும் வந்து விழுந்தன. சிதறிய தாள்களை ஒரு சொல்லை வைத்துச் சேர்க்கப் பார்ப்பவர் காப்டிக் சொல்லைக் கிரேக்கத்தில் தட்டித் தேட மாட்டார். தேடியிருந்தால், கிடைக்காததை இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்.

அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எண்களோடு, எடுத்துக்காட்டுகளோடு, அவள் சொன்ன விதியையும் சேர்த்து. அது இன்னும் வரைவுப் பெட்டியில் இருக்கிறது. யாருடைய பெயரில் அனுப்புவது என்பதில் நின்றது. பழைய நிறுவனத்தைக் காட்டிக்கொடுப்பதாகும் என்று ஒரு நாள் தோன்றும். இன்னொரு நாள், அந்த விதியை என்னுடையது போல எழுதியிருக்கிறேனோ என்று தோன்றித் திருத்துவேன்.

சென்ற மாதமும் "ரன்" என்று தட்டிப் பார்த்தேன். அதே பதினொரு பக்கங்கள்.