பயமா இருக்கு நர்சம்மா

குழந்தையின் ஒன்றரை மாத ஊசிக்கு வந்திருந்தாள். புதன்கிழமை, அங்கன்வாடி வாசல் வரை கூட்டம். தொடையில் ஊசியைப் போட்டுவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொள்ளச் சொன்னேன். “ராத்திரியெல்லாம் அழுறான், என்ன செஞ்சாலும் நிறுத்த மாட்டேங்குறான். பயமா இருக்கு நர்சம்மா” என்றாள்.

“பச்சப்புள்ளைன்னா அழத்தாம்மா செய்யும். காய்ச்சல் அடிச்சா இந்தச் சொட்டு மருந்தைக் குடு” என்றேன். அப்புறம் எல்லோருக்கும் சொல்லும் நான்கு விஷயங்கள்: என்ன ஊசி, என்ன பக்கவிளைவு, அடுத்து எப்போது வரணும், கார்டைப் பத்திரமா வை. அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து பதினோராம் நாள் குழந்தைக்கு வலிப்பு. ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம், இரண்டு கண்களின் விழித்திரையிலும் ரத்தம். கட்டிலிலிருந்து விழுந்துட்டான் என்றார்கள் வீட்டில். யாராவது பிடித்துக் குலுக்கினீர்களா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இல்லை என்றார்களாம்.

என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போடாமல் விட்டாலும் இந்த வயதில் மூளையில் ரத்தம் கசியலாம். ஆனால் போட்டதாகத்தான் கார்டில் இருக்கிறது. குலுக்கியிருந்தால் கூட அது அவள்தான் என்று எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் நான்கு பெரியவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வாய்திறந்தவள் அவள் என்பதற்காக என் சந்தேகம் அவள் மேலேயே போவது நியாயமே இல்லை.

ஆனாலும் அந்தப் பஞ்சு நினைவுக்கு வருகிறது. கட்டைவிரல் நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினாள். “லேசா பிடிச்சா போதும்மா” என்றேன். குழந்தைக்கு என்னமோ ஆகிவிடும் என்ற பயமா, தன் கையை நினைத்தே பயமா? எதுக்கும்மா பயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பது குழந்தைகள் காத்திருந்தன, உண்மைதான். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நடந்த பிறகு எல்லாமே அடையாளமாகத் தெரிகிறது என்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். குழந்தையின் அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து ஏறி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அந்த உச்சத்தில்தான் எல்லாத் தாய்மாரும் எங்கள் முன்னால் வந்து உட்காருகிறார்கள். கழுத்து நிற்காத வயது, உடம்புக்குப் பெரிய தலை. தூளி ஆட்டுவதாலோ மடியில் போட்டுத் தட்டுவதாலோ ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் தோளைப் பிடித்துச் சில நொடி பலமாகக் குலுக்கினால் போதும், மூளைக்கு மேலே உள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்துவிடும். குழந்தை அடங்கிவிடும், அழுகை நின்றது என்று வீட்டில் நினைப்பார்கள்.

இப்போது ஐந்தாவதாக ஒன்று சொல்கிறேன். “அழுகை தாங்க முடியலைன்னா புள்ளைய பத்திரமா தரையில படுக்க வச்சுட்டு, பத்து நிமிஷம் வாசல்ல போய் நில்லு. யாரையாவது கூப்பிடு. எந்தக் காரணத்துக்கும் குலுக்காதே. வீட்டுல ஆம்பளைகளுக்கும் சொல்லு.” போன மாதம் ஒரு மாமியார் கோபப்பட்டார்: “அழுற புள்ளைய விட்டுட்டு வெளிய போகச் சொல்றீங்களே, நீங்க புள்ள பெத்தவங்கதானா?” பதில் சொன்னேன், அவருக்கு எட்டவில்லை.

சொல்வதால் பலன் உண்டா என்பதிலும் எனக்கு நிச்சயமில்லை. நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பிரசவ வார்டிலேயே பெற்றோருக்குச் சொல்லி அனுப்பியதில் இப்படிப்பட்ட காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-இல் எழுதினார்கள். அதே முயற்சியைப் பென்சில்வேனியா முழுக்கச் செய்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை. இரண்டையும் படித்தேன். சொல்வதை நிறுத்தவில்லை.

அவள் இரண்டாவது ஊசிக்குத் தாமதமாக வந்தாள். குழந்தையின் தலையை உள்ளங்கையில் ஏந்தியிருந்தாள். அன்றைக்கு எதுக்கும்மா பயம்னு சொன்னே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கூட மாமியார் நின்றார். கார்டில் அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தேன்.