2.83க்கு மேல் ஏன் போவதில்லை?

காரைக்குடியில் முதுகலை மாணவர்களுக்குக் குவாண்டம் இயக்கவியல் நடத்தும் எனக்கு, பெல் சமனின்மையை, அதாவது பிரிந்த துகள்களின் அளவீடுகள் பழைய இயற்பியலில் எவ்வளவு ஒத்துப்போகலாம் என்பதற்கான வரம்பை, முடிக்கும் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். பிரிந்து நிற்கும் இரு துகள்களின் அளவீடுகளுக்கிடையிலான ஒட்டுறவை, 1969இல் கிளாசரும் உடனாய்வாளர்களும் வகுத்த கணிதக் கோவையில் இட்டால், பழைய இயற்பியலில் அது 2ஐத் தாண்டாது. இரு துகள்களும் ஒரே குவாண்டம் நிலையைப் பகிரும் பின்னலில் 2√2, அதாவது ஏறத்தாழ 2.83 வரை போகும் என்று 1980இல் சிரெல்சன் நிறுவினார். கோவையின் கணித உச்சமோ 4. "இயற்கை ஏன் நடுவில் நின்றுவிடுகிறது, ஐயா?" என்பார்கள்.

ஒளியை மிஞ்சிச் செய்தி போகக்கூடாது என்ற விதி இதற்குப் போதாது. செய்தி எதையும் கடத்தாமலே 4ஐத் தொடும் கற்பனைப் பெட்டியொன்றை (இரு முனைகளிலும் கேள்வியை இட்டால் விடை தருவது) 1994இல் போபெஸ்குவும் ரோர்லிக்கும் காட்டிவிட்டனர். குவாண்டம் நிலைகளை விவரிக்கும் கணித வெளியான ஹில்பர்ட் வெளியின் இயற்கணிதம் எல்லையைக் கணக்கிடுகிறதே ஒழிய, காரணம் சொல்வதில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, 2009இல் பாவ்லோவ்ஸ்கி குழுவினர் முன்வைத்த தகவல் காரணநெறியை இப்போது முதலிலேயே நடத்துகிறேன். உவமைக்கு எடுப்பது பர்மா லேவாதேவி; அதைப் பற்றி இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். ரங்கூன் ஏஜெண்டிடம் இரண்டு கணக்குகள். ஒவ்வொன்றும் வசூலா, நிலுவையா என்பதே செய்தி. அவர் அனுப்பக்கூடியது ஒரே ஒரு பிட் தந்தி, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறி. ஊரில் முதலாளி எந்தக் கணக்கை அறிய விரும்புவார் என்பது ஏஜெண்டுக்குத் தெரியாது. முன்னேற்பாடு மட்டும் இருந்தால் முதலாளியின் ஊகம் 75 விழுக்காடு பலிக்கும். இருவரிடமும் பின்னிய துகள்கள் இருந்தால் சுமார் 85. அந்தக் கற்பனைப் பெட்டி இருந்தாலோ, எதைக் கேட்டாலும் பிழையே இராது. முதலாளி வாசிப்பது ஒன்றைத்தான் என்றாலும், ஒரு பிட் வந்த இடத்தில் இரண்டு பிட்டும் எட்டும் நிலையில் இருந்திருக்கின்றன. 1+1=0 எனக் கொள்ளும் இரண்டின்படிக் கூட்டலை மட்டும் வைத்து, இதைக் கரும்பலகையில் சில வரிகளில் மாணவர்களே நிறுவிவிடுகிறார்கள்.

வந்த பிட்டுகளின் அளவுக்கு மேல் தகவல் எட்டக்கூடாது என்பதே நெறி. பெட்டிகளை அடுக்கடுக்காகக் கோத்துப் பார்த்தால், 2√2ஐச் சிறிதளவு தாண்டும் ஒட்டுறவும் இதை மீறுவது தெரியும். தகவலைப் பற்றிய இவ்வளவு எளிய கூற்றிலிருந்து துல்லியமாக அதே எண் வந்து நிற்பது, எத்தனை முறை நடத்தினாலும் என்னை வியக்க வைக்கிறது.

ஆயினும் குவாண்டம் ஒட்டுறவுகளின் எல்லைக்கோடு முழுவதையும் இந்நெறி வரைந்துவிட்டதாக நான் சொல்வதில்லை. மூன்று துகள்கள் சேரும்போது, இருவருக்கிடையிலான நெறிகள் எவையும் குவாண்டம் அல்லாதவற்றை முற்றிலும் விலக்கப் போதா என்று 2011இல் நிறுவப்பட்டது. அந்த நிறுவலுக்குத் தனியாக ஒரு வகுப்பு ஒதுக்குகிறேன். ஆய்வுக்குப் போக நினைக்கும் மாணவர்கள் அதன் பிறகுதான் என் அறைக்கு வருகிறார்கள்.